கருவி கேட்குமா?

தைப்பூச நாட்களில் பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் நடந்தோர், தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று விஞ்ச முயல்வதைக் கேட்டிருப்பர். ஓசை மிகுந்தது, இசை எங்கே? மேடையில் மின்னணுக் கருவிகளை இசைக்க விழையும் நம் இளைஞர், எக்கருவியை வாங்குவது என ஆராயுமுன் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனுக்கு இலக்கணம் வகுக்கிறது. யாழும் குழலும் மிடறும் இசைப்பதைக் கேட்டு, அவற்றோடு பொருந்தி, ஓசையை அளவறிந்து எழுப்பவும் அடக்கவும் வல்லவனே அவன். கேட்டல் முதலில், முழக்கல் பின்னர். தானே தாளமிடும் மின்னணுப் பொறியோ எவரையும் கேட்பதில்லை. பாடுவோர் சற்றே நின்றாலும் அது நில்லாது. ஆகவே, காலப்பிரமாணத்தை உடனுக்குடன் மாற்றவும், விரலால் தட்டி இசைக்கவும் இடந்தரும் பொறியே மேடைக்கு உரியது.

இனிச் சுரங்களை நோக்குவோம். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971இல்தான் தளர்ந்தது. கமகத்துக்கு வளையாத நிலைத்த சுரங்களே அதன்மேல் சாற்றப்பட்ட பெருங்குறை. மின்னணு விசைப்பலகைக்கும் அக்குறை உண்டு. சுரத்தை வளைக்கும் சக்கரம் இல்லாத பலகையில் தோடியை இசைக்க முயல்வது வீண். இவ்விடத்து மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நமக்கு வழிகாட்டி. மின் மாண்டலினை மேற்கொண்ட அவர், நான்கு இரட்டைத் தந்திகளுக்கு மாற்றாக ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கொண்டார். கருவிக்கேற்ப இராகத்தைக் குறைத்தாரல்லர்; இராகத்துக்கேற்பக் கருவியைத் திருத்தினார்.

அங்ஙனமாயின், மாறாமை எங்கும் குற்றமோ? அன்று. 1979ஆம் ஆண்டளவில் பெங்களூரில் உருவான மின்னணுத் தம்புராவைக் கச்சேரி மேடைகள் ஏற்றுக்கொண்டன. மாறாது நிற்றலே சுருதியின் பணி. எனவே, பணியறிந்து கருவியைத் தெரிதல் வேண்டும்.

கருவி வாங்கச் செல்லும் மாணவர், பொத்தான்களின் எண்ணிக்கையையும் ஒலியின் வலிமையையும் கண்டு மயங்க வேண்டா. உடன் பாடுபவரையும் அழைத்துச் செல்லுங்கள். பாட்டின் நடுவே, சொல்லாமல் அவரை ஒருகணம் நிற்கச் செய்யுங்கள். உங்கள் விரல் பட்ட அளவில் கருவியும் நின்றதாயின், அதனை நம்பி மேடையேறலாம்.