பிடியரிசியும் பணித்தளமும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்த ஒரு கிராமச் சபையின் வரவு செலவு நோட்டைப் புரட்டினால் அந்தச் சபையின் மனசு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். உபதேசியார் சம்பளம், மைக் செட் பழுது பார்த்தது, அசன பண்டிகைக்கு அரிசி வாங்கியது என்று வரிசையாகப் போகும் கணக்கின் நடுவே ஆண்டு தவறாமல் சில வரிகள் வரும். ஐ.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்துக்கு இவ்வளவு, எஃப்.எம்.பி.பி. என்ற மிஷனரி ஜெபக் குழுவுக்கு இவ்வளவு, வெள்ள நிவாரணத்துக்கு இவ்வளவு. பெரிய தொகையாக இருக்காது. ஆனால் ஆலயத்தின் ஓடு ஒழுகிய ஆண்டிலும் அந்த வரிகள் விடுபட்டிருக்காது. தங்களுக்கே போதாத ஒரு சபை, பார்த்திராத ஊருக்கு ஏன் கொடுக்கிறது, அப்படிக் கொடுப்பதில் எது சரியாக நடக்கிறது, எது தவறிப்போகிறது என்பதே இங்கே கேள்வி.

இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. 1799இல் முதலூர் என்ற பெயரில் ஒரு கிறிஸ்தவக் கிராமம் உருவானதே, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காக. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் 1830இல் தொடங்கிய தர்ம சங்கமும் அதே தேவையிலிருந்து பிறந்ததுதான். நிலம் வாங்கிக் குடியமர்த்தும் வேலையைச் சபையாரின் காணிக்கையைக் கொண்டே அது செய்தது. அப்போது நிவாரணம், ஊழியம் என்று இரண்டு கணக்குப் புத்தகங்கள் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் அடிபட்டு வந்தான், கொடுத்தார்கள்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த எளிய உறவைச் சிக்கலாக்கியது. மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் திருநெல்வேலியில் பணியாற்றிய காலம் அது. பஞ்ச நிவாரணத்தைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழிச்சொல் அன்றிலிருந்து இன்றுவரை அவர்களைத் துரத்துகிறது. அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. பசித்தவன் யார் சோறு போட்டார் என்று கவனிப்பதிலும், போட்டவரிடம் போய் நிற்பதிலும் இழிவு எதுவும் இல்லை. இழிவு இருக்குமானால் அது, சோற்றைக் காட்டிப் பேரம் பேசுகிறவனிடம்தான் இருக்க முடியும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசுகிற இரு தரப்பாரும் ஏழையை ஒரு எண்ணிக்கையாகவே பார்க்கிறார்கள்.

அந்தப் பஞ்சம் முடிந்து 25 ஆண்டுகளில், 1903 பிப்ரவரியில், அதே திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனரி சங்கத்தை (ஐ.எம்.எஸ்.) தொடங்கினார்கள். வாங்கிக்கொண்டிருந்த சபை கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தொண்டிக் கரைக்கு ஊழியர்களை அனுப்பிவந்ததைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் புதிய சங்கத்தின் பணித்தளமானது. இரண்டு ஆண்டுகள் கழித்து 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் உருவான நேஷனல் மிஷனரி சொசைட்டி, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. அதற்கும் அசரியா முன்னின்றார்.

இந்த வரலாற்றை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பழக்கத்தின் மிகப்பெரிய பலம் இதில்தான் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பதே அந்தப் பணியின் குணத்தைத் தீர்மானித்தது. உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் சேர்த்த பெண்கள், மாதக் கடைசியில் அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். பனையேறிகள் கருப்பட்டி கொடுத்தார்கள். அறுப்பின் பண்டிகையில் முதல் குலை வாழை, பொரித்த முதல் குஞ்சு, கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் எல்லாம் ஆலயத்துக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போயின. இப்படிச் சேர்ந்த காசில் அனுப்பப்பட்ட ஊழியர் வேறொருவரின் ஆள் அல்ல. அவர் அந்த ஊரின் ஆள். அவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் பானையில் அரிசி போட்ட அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வராது.

நம் காலத்தில் அந்த உள்ளூர்க் காசின் மதிப்பை வேறொரு விதத்தில் உணர நேர்ந்தது. 2017 மார்ச்சில் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் இந்தியாவைவிட்டு வெளியேறியது. அதன் உதவியில் இருந்த குழந்தைகள் சுமார் 1,45,000 பேர். அந்த உதவி பெரும்பாலும் உள்ளூர்ச் சபைகள் வழியாகவே போய்ச்சேர்ந்தது. டாலர் நின்றதும் மதிய உணவும் மாலை வகுப்பும் நின்றன. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பது தடைசெய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. 2024இல் வேர்ல்ட் விஷன் இந்தியாவும், 1947 முதல் இயங்கிவரும் திருச்சபைகளின் நிவாரண அமைப்பான காசாவும் (CASA) இந்தச் சட்டத்தின் கீழான பதிவை இழந்தன. அரசின் இந்தக் கெடுபிடி நியாயமா என்பது தனி விவாதம்; பெரும்பாலும் நியாயம் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் இந்தப் புயலில் ஆடாமல் நின்றது எது என்று பார்த்தால், கிராமத்துப் பானைகளை நம்பியிருந்த பணிகள்தான். அவற்றை நிறுத்த டில்லியில் இருக்கிற ஒரு கையெழுத்தால் முடியாது.

இனி இந்தப் பழக்கத்தின் குறைகளுக்கு வருவோம். இவற்றை வெளியார் சொல்கிற குறைகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சபைக்குள்ளிருந்தே பேசப்பட வேண்டியவை இவை.

முதலாவது, எதற்குக் காசு விழுகிறது என்பது. மிஷனரி ஞாயிறு அன்று பணித்தளத்திலிருந்து வந்தவர் பிரசங்க பீடத்தில் ஏறுகிறார். சபை கேட்க விரும்புவது ஒரு கதையை: காட்டுப்பாதை, எதிர்ப்பு, நோய், அற்புத சுகம், இத்தனை பேர் ஞானஸ்நானம். அந்தக் கதை நன்றாக இருந்தால் காணிக்கைத் தட்டு நிறைகிறது. ஒரு மொழிக்கு எழுத்து வகுக்கப் பத்து ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இருக்காது. இதனால் ஊழியருக்கு மெல்ல மெல்ல ஒரு பாடம் போதிக்கப்படுகிறது. எது நடந்தது என்பதைவிட எதைச் சொன்னால் எடுபடும் என்பதை அவர் கற்றுக்கொள்கிறார். பழி அவர் மேல் மட்டும் இல்லை. எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு வாங்குகிற நாம்தான் அந்தப் பாடத்தை நடத்துகிறோம்.

ராஜ்மகால் மலையில் வாழும் மால்டோ மக்களிடையே நடந்த பணியை இதற்கு எதிரான சான்றாகச் சொல்லலாம். மலேரியாவும் காலா அசாரும் காசநோயும் அரித்துக்கொண்டிருந்த ஒரு சிறு பழங்குடி அது. எஃப்.எம்.பி.பி.யின் தமிழ்நாட்டு ஊழியர்கள் அங்கே போனபோது, நோயைத் தீர்க்காமல் வேறு எதையும் பேச முடியாது என்பது விரைவிலேயே விளங்கியது. எம்மானுவேல் ஆஸ்பத்திரி சங்கத்தோடு சேர்ந்து சுகாதாரப் பணி நடந்தது. 1996இல் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் பிரேம் ஜோதி மருத்துவமனை எழுந்தது. கொசுவலை, கிராமத்துச் சுகாதாரத் தொண்டர், பிரசவம் என்று நீண்டுபோகும் அந்த வேலையில் மேடைக்கு ஏற்ற திருப்பம் எதுவும் இல்லை. உண்மையில் உயிர்களைக் காத்தது அதுதான்.

இரண்டாவது குறை ஓய்வுபெற்ற ஊழியரைப் பற்றியது. இதைப் பற்றிச் சபைகள் பேசுவது மிகக் குறைவு. முப்பது ஆண்டுகள் குஜராத்திலோ ஜார்க்கண்டிலோ இருந்துவிட்டுத் திரும்புகிற தம்பதிக்குச் சொந்த ஊரில் வீடு இல்லை. பிள்ளைகள் டோனாவூர் சந்தோஷ வித்யாலயாவில் விடுதியில் வளர்ந்தவர்கள். பெற்றோரோடு இருந்த காலம் விடுமுறைகள் மட்டும். புதிதாக ஒருவரை அனுப்பப் பணம் கேட்டால் கிடைக்கிறது. போய் வந்தவரின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் கேட்டால் தயங்குகிறார்கள். அனுப்புவது ஊழியம் என்றும், வந்தவரைப் பார்த்துக்கொள்வது தர்மம் என்றும் எங்கோ ஒரு தவறான பிரிவு நம் மனதில் விழுந்திருக்கிறது.

நிவாரணத்தில் பிரச்சினை வேறு மாதிரி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தின் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. சபைகளும் பள்ளிகளும் சங்கங்களும் அன்போடு கட்டி அனுப்பிய மூட்டைகள் அவை. மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. கிழிந்ததை உடுத்த அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். இழந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்காமல், கொடுப்பவரிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து அனுப்பியதன் விளைவு அது. பணமாக அனுப்பியிருந்தால் வலையும் கட்டுமரமும் சரியாகியிருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நிலைமை வேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சூழ்ந்தது. அரசு வந்துசேர்வதற்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று மேடான இடம் எதுவோ அங்கே அடுப்பு மூட்டப்பட்டது. எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தத் தெருவில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பது உள்ளூர்ச் சபைக்குத் தெரியும். எந்தப் பெரிய தொண்டு நிறுவனத்தாலும் முதல் நாளில் அதை அறிய முடியாது. ஆனால் ஆறாவது மாதத்தில் நனைந்துபோன நெல்லுக்கும் செத்துப்போன ஆட்டுக்கும் இழப்பீட்டு மனு எழுத, கடன்காரரோடு பேச, அரசு அலுவலகத்தில் காத்திருக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். அதற்குத் தொண்டு நிறுவனமே தகுதியானது. சபை தன் காணிக்கையை முதல் வாரத்திலேயே முழுவதும் கொட்டிவிடாமல், ஒரு பாதியை ஆறாவது மாதத்துக்கு எடுத்துவைக்கலாம். உணர்ச்சி தணிந்த பிறகுதான் தேவை தெளிவாகத் தெரிகிறது.

நிவாரணமும் சுவிசேஷமும் ஒரே கையால் கொடுக்கப்படலாமா? புதிய ஏற்பாட்டில் வரும் அந்தியோகியாச் சபைதான் ரோமப் பேரரசன் கிலவுதியு காலத்துப் பஞ்சத்தில் யூதேயாவுக்கு உதவி அனுப்பியது. அதே சபைதான் பிறகு பர்னபாவையும் பவுலையும் ஊழியத்துக்கு அனுப்பியது. ஒரே சபை இரண்டையும் செய்தது. ஆனால் பஞ்சத்துக்குப் போன பணத்தில் நிபந்தனை இல்லை. 1994இல் செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து நிவாரண அமைப்புகளுக்கான நடத்தை நெறியை வகுத்தவர்களில் கத்தோலிக்கக் காரித்தாஸும், லுத்தரன் உலக சம்மேளனமும், உலகத் திருச்சபைகள் மாமன்றமும் உண்டு. நிவாரணத்தை எந்த மதநோக்கத்துக்கும் கருவியாக்கக் கூடாது என்பது அதன் தெளிவான விதி. திருச்சபைகளும் சேர்ந்து வகுத்த இந்த நெறியைக் கிராமச் சபைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அரிசி மூட்டையோடு துண்டுப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது விடப்பட வேண்டும். மதமாற்றத் தடைச் சட்டங்களுக்குப் பயந்து விட வேண்டாம். வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில் நீட்டப்படுவது சாட்சியாகாது. அதற்காகவே விட வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். தூரத்துப் பழங்குடிக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிற சபைகள் சில, சொந்த ஊரில் தலித் கிறிஸ்தவருக்குக் கல்லறையில் தனி மூலை ஒதுக்குகின்றன. திருச்சி மேலப்புதூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் எழுந்த சாதிச் சுவர் ஊரறிந்தது. எந்தச் சபைப் பிரிவும் இதில் தன்னைச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தூரத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவன் நம் பிள்ளைக்குப் பெண் கேட்டு வரமாட்டான். மிஷனரி காணிக்கையைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் காணிக்கை எடுக்கப்படும் அதே ஆராதனையில், பந்தியில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

கணக்குக் கேட்பதை அவிசுவாசம் என்று நினைக்கிற மனப்பான்மை இந்தப் பழக்கத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்த்த பவுல், யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்காதபடி, சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூட அனுப்பினார். அப்போஸ்தலனே தன்னை நம்பச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. சேகரக் கமிட்டிகளோ, அனுப்பிய பணத்துக்கு ரசீது வந்ததா என்பதோடு நின்றுவிடுகின்றன. தணிக்கை அறிக்கை எங்கே, ஊழியருக்குச் சேமநல நிதி பிடிக்கப்படுகிறதா, பணம் பெறும் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர் என்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடியரிசி கொண்டுவருகிற ஒரு அம்மா எழுந்து கேட்டால், போதகரும் கமிட்டியாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணம் அவருடையது.

ஒரு பணித்தளத்துக்குப் பணம் அனுப்புவதை எப்போது நிறுத்துவது என்பதும் கேட்கப்படாத கேள்வி. தோர்ணக்கல்லில் 1912இல் பேராயரான அசரியா, அங்கிருந்த மிக ஏழைச் சபைகளையும் கொடுக்கக் கற்பித்தார். காணிக்கையைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தின் தூண்களிலும் குவிமாடங்களிலும் இந்து, முஸ்லிம் கட்டடக் கலைகளின் சாயல் உண்டு. அந்த மண்ணின் மக்கள் தங்களுக்காகத் தாங்களே எழுப்பிய ஆலயம் அது. இன்று தமிழ்நாட்டுச் சபைகள் தாங்கும் வட இந்தியப் பணித்தளங்கள் பலவற்றுக்கு அரை நூற்றாண்டு ஆகிறது. அங்கே இரண்டாம் தலைமுறைப் போதகர்கள் வந்துவிட்டார்கள். அவர்களின் சம்பளத்தில் எவ்வளவு அந்த ஊர் மக்களிடமிருந்து வருகிறது, அது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதை அடுத்த மிஷனரி ஞாயிறு அன்று பேச வருகிறவரிடம் கேட்கலாம். ஞானஸ்நான எண்ணிக்கையை அன்றைக்கு அவர் சொல்லாமல் விட்டால் விட்டுவிடலாம்.