இருபதில் ஒன்று
உளவியலாய்வில் 0.05, அஃதாவது இருபதில் ஒன்று என்னும் எல்லை வழக்கூன்றியமைக்கு, 1925இல் வெளிவந்த றொனால்ட் பிஷரின் நூல் பெருங்காரணமாகும். வேறுபாடு யாதுமில்லை என்னும் சூனியக் கருதுகோள் மெய்யாயின், கிடைத்த பேறோ அதனினும் மிக்கதோ தோன்றுதற்குள்ள நிகழ்தகவையே ஆய்வாளர் இவ்வெல்லையோடு ஒப்பிடுவர். அக்கருதுகோள் பொய்யாதற்குள்ள நிகழ்தகவு வேறு. இரண்டையும் ஒன்றாக மயங்கினோர் பலர். (மாணாக்கரை மட்டும் நோவதென்னை? பாடநூல்கள் சிலவும் அவ்வாறே உரைத்தன.)

2011இல் டரில் பெம், வருவதை மனம் முன்னுணரும் எனக் காட்ட ஒன்பது பரிசோதனைகளை வெளியிட்டார். எட்டு எல்லைக்குள் அமைந்தன. முடிவை ஏற்கவியலாதோர் முறையையே ஐயுறவேண்டியவராயினர். 2015இல் நூறு ஆய்வுகளை மீளச்செய்த அறிக்கை வந்தது. முன்னர் 97 வீதம் எல்லைக்குள் அமைந்திருக்க, மீள்பரிசோதனையில் 36 வீதமே அமைந்தன. மீளச்செய்தோரும் பிழைத்திருக்கலாம், இத்துணை வீழ்ச்சியை அதனால் மட்டும் விளக்குதல் அரிது.