வாய் மூடும் கணம்

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடி. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த புறாக்கூண்டு. கூண்டு நிழலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது ஒரு கன்னி நாய். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் பழுப்புப் பொட்டு, ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு. கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த சாதி. அதன் மூக்கிலிருந்து ஆறடி தூரத்தில் ஹோமர் என்னும் பந்தயப் புறாக்கள் கம்பு பொறுக்கிக்கொண்டிருக்கின்றன.

முதல் தடவை பார்த்தபோது, பழகிப்போன நாய், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் தடவைதான் புறா வளர்க்கும் பெரியவர் காட்டினார். “கண்ணப் பாக்காத தம்பி, வாயப் பாரு.” நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சுப் புறா கால் தடுக்கிப் படபடவென்று சிறகடித்தது. சட்டென்று நாயின் வாய் மூடியது. இளைப்பு நின்றது. காது முன்னால் வந்தது. “ம்” என்றார் பெரியவர், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்குத் தலையாட்டுவது போல. நாய் திரும்பி அவரைப் பார்த்தது. வாய் மறுபடி திறந்தது. இரண்டு விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. புறாவுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த இரண்டு விநாடிக்காகத்தான் அந்த மாடிக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

புறா வளர்க்கிறவருக்கு நாய் எதற்கு? பூனைக்காகத்தான். வலையில் ஒரு கிழிசல் கிடைத்தால் ஒரே இரவில் கூண்டைக் காலி செய்துவிடும். அதற்கடுத்து முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும் பெருச்சாளி. இவற்றை விரட்ட வேட்டைப் புத்தி உள்ள நாய் வேண்டும். மந்தமான நாயைப் பூனையே மதிக்காது. பூனையைக் கண்டால் பாய வேண்டும், புறாவைக் கண்டால் படுக்க வேண்டும். ஒரே புத்தியிடம் இரண்டையும் கேட்கிறோம். இதில் சிக்கலும் அதுதான், அழகும் அதுதான்.

கடித்தால்தான் சேதம் என்பதில்லை. பந்தயப் புறாவைக் கெடுக்க நாயின் பார்வையே போதும். புறா வீட்டுக்கு மேலே வந்து வட்டமடிக்கத் தொடங்கிய நேரம் போட்டிக்குக் கணக்கில்லை. கூண்டுக்குள் இறங்கி, காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்ட நேரம்தான் கணக்கு. மின்னணுக் கடிகாரம் வைத்திருந்தால், சிப் வளையம் போட்ட கால் வாசல் பலகையில் பட்டதும் தானே பதிவாகிவிடும். யார் முந்தியது என்பதை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வகுத்துப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் ஆந்திரத்திலிருந்து பறந்து வந்த புறா, கீழே ஒரு நாய் முறைப்பதைக் கண்டு எதிர்வீட்டுத் தொட்டி மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டால், 2,400 மீட்டர் போயிற்று.

வேட்டை என்பது ஒரே பாய்ச்சல் அல்ல, அதற்குப் படிகள் உண்டு என்று எழுதினார் நாய்களை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர். திரும்புதல், உறுத்துப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். மனிதன் ஒவ்வொரு சாதியிலும் ஒரு படியைக் கூர்தீட்டி இன்னொன்றை மழுக்கியிருக்கிறான். ஆடு மேய்க்கும் பார்டர் காலிக்குப் பார்வையும் பதுங்கலும், ரெட்ரீவருக்கு மெத்தென்ற கவ்வல், நம் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் துரத்தல். பெரியவர் இதையெல்லாம் படித்தவரில்லை. துரத்த எழுந்த நாய்க்குக் காது கேட்காது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதனால் அது உறுத்துப் பார்க்கும்போதே, வாய் மூடும் கணத்திலேயே, கூப்பிட்டுவிடுகிறார்.

குட்டியாக வந்தபோது வயிறு நிறையச் சோறு போட்ட பிறகே மாடிக்கு ஏற்றுவாராம். எட்டாத தூரத்தில் கட்டிவைத்து, புறாவை விட்டுத் தன்னைப் பார்க்கும் ஒவ்வொரு தடவைக்கும் அவித்த ஈரலில் ஒரு துண்டு. அடி கிடையாது. “அடிச்சா நம்ம எதிர்ல சும்மா இருக்கும். நாம கீழ எறங்குனதும் வேலையக் காட்டும்.” விடியற்காலையில் மைதானத்தில் கயிற்றில் கட்டிய பழந்துணியை இழுத்துக்கொண்டு அவர் ஓட, நாய் அதைத் துரத்தும். வேட்டைக்கும் ஒரு வடிகால் வேண்டுமே. வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் பந்தயப் புறாவும் விப்பெட் நாயும் தொழிலாளர்களின் இரு பெரும் பிரியங்களாக இருந்தன. அங்கே விப்பெட் ஓட்டப் பந்தயத்தில் எல்லைக்கோட்டில் நின்று சொந்தக்காரர் துணியை ஆட்டுவார். நாய் அதை நோக்கிப் பறக்கும். முயலுக்குப் பதில் துணி. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே உபாயத்துக்கு வந்திருக்கிறார்கள்.

நாயின் தலையில் புறா உட்கார்ந்திருக்கும் படங்களை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. நாயென்றால் பயமே இல்லாத புறா, வழி தவறி வேறு மாடியில் இறங்கும் அன்றைக்கு முதல் தெருநாய்க்கு இரையாகிவிடும். பெரியவரின் புறாக்கள் இந்த நாயை அறியும். ஆனாலும் ஒரு முழம் தள்ளியே நடக்கும். அந்த ஒரு முழத்தில்தான் இரண்டு தரப்பின் மானமும் இருக்கிறது.

சென்ற பந்தய நாளில் காலையிலிருந்து வடக்கு வானத்தைப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தேன். பெரியவர் வானத்தைப் பார்க்கவே இல்லை, நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வாய் மூடியது. இந்தத் தடவை அவர் “ம்” சொல்லவில்லை. தீவன டப்பாவை எடுத்துக் குலுக்கினார். அதற்குப் பிறகுதான் என் கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரிந்தது. புறா ஒரு சுற்று கூடச் சுற்றாமல், படுத்திருந்த நாயின் முதுகுக்கு மேலாக நேரே பலகையில் வந்து இறங்கியது.

வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டதும் அவர் செய்த முதல் காரியம், கூண்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. இவ்வளவு நல்ல நாய்க்குத் தாழ்ப்பாள் எதற்கு என்றேன்.

“உன் வீட்ல சோத்துப் பானைய மூடாமலா வெக்கற?”

மூவரும் படியிறங்கினோம். கடைசிப் படியில் நாய் ஒரு தடவை திரும்பி மேலே பார்த்தது. வாய் மூடியிருந்தது.