கம்பிக்குள் ஒரு வைஃபை

சுவரைத் துளைக்காமல், கேபிள் இழுக்காமல் தூரத்து அறைக்கு இணையத்தைக் கொண்டுபோக பவர்லைன் அடாப்டர் உதவுகிறது. ஒன்றை ரௌட்டருக்கு அருகில் செருகிச் சிறு லேன் கேபிளால் அதனுடன் இணைத்து, இன்னொன்றை அந்த அறையின் பிளக் பாயிண்டில் செருகினால் போதும். வீட்டு ஒயரிங்கே தரவைச் சுமக்கும். ஆனால் இதை லேன் கேபிளுக்கு மாற்று என்று எண்ணி வாங்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் கம்பியிலேயே 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை ஏற்றி அனுப்பும் கருவி இது. மிக்ஸி, எல்இடி விளக்கு, மலிவான சார்ஜர் என அந்தக் கம்பியில் இரைச்சல் எழுப்பப் பல உண்டு. ஒரு அடாப்டர் அனுப்பும்போது மற்றவை காத்திருக்கவும் வேண்டும். குணத்தில் இது கம்பிக்குள் ஓடும் வைஃபைதான்.

அப்படிப் பார்த்தால் பெட்டியின் மேலுள்ள எண்ணும் விளங்கிவிடும். நொடிக்கு 600 மெகாபிட் என்பது இரைச்சலே இல்லாத கம்பியில் எட்டக்கூடிய உச்சக் கணக்கு. அந்த எண்ணைத் தாங்கிய பல அடாப்டர்களின் ஈதர்நெட் போர்ட்டே 100 மெகாபிட்தான்! வாங்குபவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லாதது நேர்மையல்ல. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு அறைகள் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால், சிக்னல் பெரும்பாலும் நலிந்தே போய்ச் சேரும். சில சமயம் சேரவே சேராது. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லாத அடாப்டர் அணைந்துவிடும்.

பல வைஃபை கருவிகளை ஒன்றாக இணைக்கும் மெஷ் வைஃபை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கான்கிரீட் தளமும் தடித்த சுவரும் வைஃபை அலையை வெகுவாகக் குறைத்துவிடும். மெஷ் கருவிகளும் அவற்றைத் தாண்டித்தான் பேசிக்கொள்ள வேண்டும். மின்கம்பியோ ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது. வாடகை வீட்டில், மாடி அறையில் ஒரு கணினிக்கோ டிவிக்கோ இணைப்பு வேண்டுமென்றால் பவர்லைன் தக்க வழி. அடுத்த வீட்டார் நுழைந்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்கும் விடை உண்டு: தரவு 128 பிட் ஏஇஎஸ் முறையில் குறியாக்கம் செய்யப்படுகிறது. ஆனால் எல்லா அடாப்டர்களுக்கும் பொதுவான தொடக்கச் சாவியை விட்டுவைக்காமல், பேர் (Pair) பட்டனை அழுத்திப் புதிய சாவி அமைத்துக்கொள்ள வேண்டும்.

பல கணினிகள் நாள் முழுதும் பெரிய கோப்புகளைப் பரிமாறும் அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. வீட்டுக்கு வாங்குபவர்கள் திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குங்கள். ஸ்பைக் பஸ்டரில் செருகாமல் நேரே சுவர் பாயிண்டில் செருகி, மாலை நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். புது வீடு கட்டுபவர்களோ, பூச்சுவேலைக்கு முன்பே லேன் கேபிளுக்கென்று தனிக் குழாய் பதிக்கச் சொல்லிவிடுங்கள்.