கள்ளும் வடுமாங்காயும்

கப்பல் வேலையிலிருக்கும் என் அக்காள் மகன் போன மாதம் ஆர்ஜென்டினா தேசத்து நுரைக்கும் திராட்சை மது ஒரு புட்டி கொண்டுவந்திருந்தான். மெண்டோஸா பிரதேசத்துச் சரக்கு. இரண்டு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல புளிப்பு, இனிப்பு சொற்பம், நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி நுரை. பொரித்த மீன், உப்புக் கூடிய பாலாடைக் கட்டி இவற்றோடு சாப்பிடவும் என்று புட்டியின் முதுகில் அச்சிட்டிருந்தது. ஷாம்பேன் செய்கிற மொயே ஷாந்தோன் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1959ல் அந்த நாட்டில் போய்த் தொழில் தொடங்கியது. கூடவே இந்தச் சாஸ்திரமும் போயிருக்கும். கொழுப்பைப் புளிப்பும் நுரையும் கழுவிவிடும், அடுத்த கவளமும் முதல் கவளம் போலவே ருசிக்கும் என்பதுதான் சாஸ்திரம்.

எனக்கு உடனே பெரும்பாணாற்றுப்படை ஞாபகம் வந்தது. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை வழிகாட்டி அனுப்புகிற பாட்டு. வழிநெடுக எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லிக்கொண்டே போகிறார். இடையர் வீட்டில் தினைச் சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழி வாட்டலும். வலைஞர் குடியிருப்புக்கு வந்ததும் மனுஷர் நின்றுவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல் மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பச்சை வாடை போனபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்த கள். அதற்குத் துணை பச்சை மீன் சுட்டது. முளைநெல் சேர்ந்தால்தான் மாவு சர்க்கரையாகும், சர்க்கரைதான் புளித்து மதுவாகும் என்பதை இன்று ரசாயனம் படித்தவர்கள் விளக்குவார்கள். புலவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு நீர்ப்பெயற்று என்னும் கடற்கரை ஊர். குழியில் அடைத்து, நெல் மாவு ஊட்டி, பெண் பன்றியோடு சேரவிடாமல் பல நாள் வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த இறைச்சி. அதோடு வரும் கள்ளுக்கு மட்டும் கூர்மை என்று அடை கொடுக்கிறார். இரண்டே நாள் கள்ளுக்கு லேசான மீன், கொழுப்புக்குக் கூர்மை. மெண்டோஸாக்காரன் புட்டியில் அச்சடிப்பதை இவர் ஒரு அடைமொழியில் முடித்துவிட்டார். குடித்து ருசி கண்டவனால்தான் இந்த இடத்தின் அருமையை உணர முடியும் என்று ஒரு கட்டுரை எழுதி, பையில் வைத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன்.

அங்கே என் சமண நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வேகவதிக் கரையில் உள்ள வர்த்தமானர் கோயிலில், விஜயநகர மந்திரி இருகப்பர் 1387ல் கட்டிய சங்கீத மண்டபத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தலைக்கு மேலே விதானத்தில் தீர்த்தங்கரர் சரிதைகள் சித்திரமாக ஓடின. நண்பர் கள்ளை மட்டுமல்ல, தேனையும் தொடாதவர்.

"வகுப்பில் அந்தப் பகுதிகளைத் தாண்டிவிடுவீர்களோ?" என்று சற்றுக் குறும்பாகவே கேட்டேன்.

"ஏன் தாண்ட வேண்டும்? வரிவரியாக நடத்தினேன். தாண்டினது நீங்கள்தான். வலைஞர் கள்ளுக்கும் நீர்ப்பெயற்றுக் கள்ளுக்கும் நடுவில் என்ன வருகிறது?"

யோசித்துப் பார்த்தேன். அந்தணர் வீடுகள். பசு மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சு, மிளகுப் பொடி, கறிவேப்பிலை. பக்கத்தில் மாவடு ஊறுகாய்.

"அங்கே கள் கிடையாது. வெண்ணெய் இருக்கிறது. அதை அறுக்க என்ன வைத்திருக்கிறார் பார்த்தீர்களா? பன்றிக்குக் கள் செய்கிற வேலையை வெண்ணெய்க்கு வடுமாங்காய் செய்கிறது. புலவருக்குக் கூர்மை வேண்டும், ஐயா. கள்தான் வேண்டுமென்பதில்லை. நீங்கள் இரண்டு வாய் குடித்ததில் நடுவீட்டை விட்டுவிட்டீர்கள்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உ. வே. சாமிநாதையர் 1889ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாளிலிருந்து எல்லார் கைக்கும் எட்டுகிற இடம் அது. சைவச் சமையல் என்று எண்ணி நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். கள் என்றால் கூசுகிறவர்களைக் கேலி செய்யப் புறப்பட்டவன், மோர் என்றால் சலித்துப் போகிறவனாக அகப்பட்டுக்கொண்டேன். கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களை அங்கேயே அடித்தேன்; மீதிதான் இது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று அவர் எழுந்தார். இலையில் பருப்பும் சோறும் விழுந்தன. அம்மாள் நெய்யைத் தாராளமாக விட்டார்.

"மாங்காய்ப் பச்சடியை ஒதுக்கிவிடாதீர்கள்," என்றார் நண்பர்.