லாராவின் தாயார்

டென்னஸி வில்லியம்ஸ் எழுதிய 'தி கிளாஸ் மெனாஜரி' என்ற நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் வரும் கண்ணாடிப் பொம்மைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கண்ணாடி சுலபத்தில் உடையும், லாராவும் அப்படித்தான், ஆகவே கண்ணாடிதான் லாரா என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு பெண்ணைக் கண்ணாடி என்று வர்ணித்துவிட்டால், அப்புறம் அவளுக்கு என்ன கஷ்டம் என்று விசாரிக்க வேண்டியதில்லை. நாடகத்தில் லாராவின் தாயார் செய்கிற காரியமும் ஏறக்குறைய இதுவேதான். மகளுடைய பயத்துக்கு வேறு ஏதாவது ஒரு பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரோடு மல்லுக்கு நிற்கிறாள்.

நாடகம் 1944 டிசம்பரில் சிக்காகோவில் முதலில் மேடையேறிற்று. மறுவருஷம் மார்ச்சில் நியூயார்க்குக்குப் போயிற்று. கதை நடப்பது 1930களில், ஸெயிண்ட் லூயிஸ் நகரத்து அடுக்கு வீடு ஒன்றில். அமாண்டாவின் புருஷன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவன். குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். மகன் டாம் செருப்புக் கிடங்கில் உழைத்து வீட்டைத் தாங்குகிறான். மகள் லாரா சிறு வயது வியாதி ஒன்றினால் கால் சற்று ஊனமானவள். வெளி மனிதர் என்றால் அவளுக்கு நடுக்கம்.

இந்த நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்பதை வில்லியம்ஸ் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஹைஸ்கூலில், பாட்டு வகுப்புக்கு லாரா எப்போதும் தாமதமாகத்தான் வருவாள். காலில் இரும்புப் பட்டை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அத்தனை பேரும் பார்க்க, அவள் தன் இடத்துக்கு நடந்து போகவேண்டும். அந்தச் சத்தம் அவள் காதில் இடியாக விழுந்தது. கடைசிப் பரீட்சையில் மார்க்கு குறைந்தது. அதோடு பள்ளிக்கூடம் நின்றது. நாடகம் நடக்கிற காலத்தில் அதெல்லாம் ஆறு வருஷத்துப் பழைய கதை. ஆனால் லாராவுக்கு அந்த வகுப்பு இன்னும் கலையவில்லை. இத்தகைய பயம் பெரும்பாலும் 13 வயதை ஒட்டியே தலைகாட்டுகிறது என்று இன்றைய மனோவைத்தியர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் 1980ல் வெளியிட்ட கையேட்டில்தான் அது தனி வியாதியாக இடம் பெற்றது. மேடையில் அது 36 வருஷம் முந்தியே வந்துவிட்டது. நாடகாசிரியருக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும்.

இரண்டாவது காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லாராவை டைப்ரைட்டிங் படிக்க ஒரு பிஸினஸ் காலேஜில் சேர்த்திருக்கிறாள் அமாண்டா. சம்பளம் 50 டாலர். அந்த வீட்டு நிலைமைக்குப் பெரிய தொகை. ஒருநாள் வேறு வேலையாகப் போகிறவள், மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று அங்கே நுழைகிறாள். அப்படி ஒரு பெண்ணே இல்லை என்கிறாள் டைப்ரைட்டிங் ஆசிரியை. பிறகு ஞாபகம் வருகிறது. ஆமாம், கூச்சம் மிகுந்த ஒரு பெண் சில நாள் வந்தாள். கை நடுங்கி விசை பிடிபடவில்லை. முதல் வேகப் பரீட்சையன்று வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. பிறகு அவள் வரவேயில்லை. அப்படியானால் ஆறு வாரமாக, காலையில் காலேஜுக்கு என்று கிளம்பின பெண் எங்கே போனாள்? குளிர் காலத்தில், பூங்காவில் நடந்துகொண்டிருந்தாள். கலைக்காட்சி சாலைக்குப் போனாள். மிருகக் காட்சி சாலையில் பெங்குவின் பறவைகளைப் பார்த்தாள். பகல் சாப்பாட்டுக் காசில் சினிமா பார்த்தாள். 'ஜுவல் பாக்ஸ்' என்று அந்த ஊரில் 1936ல் திறந்த கண்ணாடிக் கட்டடத்தில், வெயில் நாட்டுச் செடிகளுக்கு நடுவே பொழுதைப் போக்கினாள்.

பெற்றோருக்கு விஷயம் தெரியாததுதான் கஷ்டம், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். இந்தக் காட்சி அதைப் பொய்யாக்குகிறது. அமாண்டாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நடுங்கின கை, புரட்டின வயிறு, குளிரில் நடந்த ஆறு வாரம், எல்லாம். ஒரு டைப்ரைட்டருக்கு எதிரே உட்கார்வதைவிடக் குளிரில் அலைவதே மேல் என்று ஒரு பெண் தீர்மானிக்கிறாள் என்றால் அந்தப் பயம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்! தாயார் அந்தக் கணக்கைப் போடவில்லை. 50 டாலர் போயிற்று, இனி நம் கதி என்ன, என்னை ஏமாற்றிவிட்டாய், இப்படித்தான் அவள் மனசு ஓடுகிறது. மகளின் பயம் என்று வந்த செய்தியை, மகளின் துரோகம் என்று மாற்றிப் படித்துக்கொள்கிறாள்.

அமாண்டாவை ராட்சஸியாக ஆக்குகிற விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவள் கவலை நியாயமான கவலை. அண்ணன் பெண்டாட்டி கையையும் அக்காள் புருஷன் கையையும் எதிர்பார்த்து வாழ்ந்த கல்யாணமாகாத ஸ்திரீகளை அவள் தன் ஊரில் பார்த்தவள். புருஷன் ஓடிப்போனான், பிள்ளையும் ஓடிப்போகத் தயாராக இருக்கிறான் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரியும். தான் கண்ணை மூடிவிட்டால் இந்தப் பெண்ணுக்கு யார்? ஆனால் இளம் வயதில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் 17 வாலிபர்கள் தன்னைப் பார்க்க வந்தார்கள் என்று சொல்லிக்கொள்கிறவள் அவள். மனிதரைக் கண்டால் மலர்கிறவளுக்கு, மனிதரைக் கண்டால் வயிற்றைப் புரட்டும் என்பது நம்பவே முடியாத விஷயம். 'நான் ஊனமானவள்' என்று லாரா சொல்ல வாயெடுத்தால், அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது, சாமர்த்தியமாகப் பேசக் கற்றுக்கொள் என்கிறாள். அவளைப் பொறுத்தவரை இது ஆறுதல். கேட்கிறவளுக்கோ கதவைச் சாத்துகிற சத்தம்.

ஆறு வாரம் ஏன் சொல்லாமல் இருந்தாள்? அதற்கும் லாராவே பதில் சொல்லுகிறாள். தாயார் ஏமாற்றமடைந்தால் அவள் முகத்தில், படங்களில் ஏசுவின் தாயார் முகத்தில் காணுகிற மாதிரி ஒரு வேதனை வந்துவிடுகிறதாம். அதை எதிர்கொள்ளத் தன்னால் முடியவில்லை என்கிறாள். இந்த நாடகத்தில் ஆகப் பெரிய உண்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பெற்றோரின் கோபம்தான் பிள்ளையின் வாயை அடைக்கிறது என்று எல்லோரும் சொல்வோம். அதற்கு உதாரணம் காப்கா. 1919ல், தம் 36வது வயதில், தகப்பனாருக்கு அவர் நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கடிதம் எழுதினார். தகப்பனாருக்கு எதிரில் பேச்சுத் திக்கித் திணறி, கடைசியில் தாம் பேசுவதையே விட்டுவிட்ட கதையை அதிலே சொல்லியிருக்கிறார். கடிதத்தைத் தாயாரிடம் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். அவள் அதைச் சேர்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று நண்பர் மாக்ஸ் பிராட் எழுதுகிறார். லாராவின் வீட்டில் அப்படி இடிமுழக்கம் செய்கிற தகப்பன் இல்லை. அங்கே இருப்பது வேதனைப்படுகிற தாய். இரண்டு வீட்டிலும் விளைவு ஒன்றுதான். பிள்ளை தன் பயத்தோடு பெற்றவளின் துக்கத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தால், பயத்தைச் சொல்லாமலே வைத்துக்கொள்ளும். கோபக்காரத் தகப்பனுக்குத் தன் கோபமாவது தெரியும். கண் கலங்குகிற தாய்க்குத் தன் கண்ணீரும் ஒரு தடைதான் என்பது லேசில் தெரியாது.

வீட்டில் இதைத் தாயாருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவன் டாம் ஒருவன்தான். அவன் சொல்லியும் பார்க்கிறான். நாம் அவளை நேசிக்கிறோம், அதனால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை; மற்றவர்கள் கண்ணுக்கு அவள் வேறு மாதிரித் தெரிகிறாள் என்கிறான். ஊனம் என்ற வார்த்தையை இந்த வீட்டில் சொல்லாதே என்கிறாள் தாயார். விசித்திரமானவள் என்கிறான். அதையும் சொல்லாதே என்கிறாள். டாம் சொல்வது உண்மைதான். ஆனால் அவன் பேசுவது லாராவுக்காக அல்ல. தன் மேல் தாயார் வைத்த எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதற்காக. அவன் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் தீர்ப்புகள். தன் பெண்ணின் மேல் தீர்ப்பு வந்தால் எந்தத் தாயும் அப்பீல் செய்யத்தான் செய்வாள். தீர்ப்புக்குப் பதிலாக, 'வாசல் மணி அடித்தால் அவள் கை எப்படி ஆகிறது என்று ஒருநாள் பார் அம்மா' என்று அவன் சொல்லியிருந்தால்? பேசி முடிந்ததும் அவன் சினிமாவுக்குக் கிளம்பிவிடுகிறான்.

அமாண்டா வார்த்தைகளைத் தடுப்பதையும் கவனிக்க வேண்டும். யார் கேட்டுவிடுவார்கள் என்று அந்தப் பயம்? நம் வீடுகளில் இதற்கு 'நாலு பேர்' என்று பெயர். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்பது லாராவின் வியாதி. அவள் தாயாரின் வியாதியும் அதுவேதான். மகளுக்கு அது வயிற்றில் தெரிகிறது. தாயாருக்கு அது நாகரிகமாகத் தெரிகிறது. நாமும் கூச்சப்படுகிற பெண்ணை அடக்கமானவள் என்கிறோம். பையனைச் சாது என்கிறோம். அடக்கத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் யார்? கல்யாணத்துக்கோ வேலைக்கோ இடைஞ்சலாக வரும்போதுதான் அதே குணம் அசமஞ்சம் ஆகிறது. பிள்ளை மாறவில்லை, நமக்குத் தேவைப்பட்டது மாறிவிட்டது.

டாம் அழைத்து வருகிற ஜிம் என்ற நண்பன் வாசலில் நிற்கிற காட்சியை, பிள்ளைகளை 'தைரியமாகப் போ' என்று பிடித்துத் தள்ளுகிறவர்கள் எல்லோரும் படிக்கவேண்டும். ஹைஸ்கூலில் லாரா மனசுக்குள் பூஜித்தவன் அவன். கதவைத் திற என்கிறாள் தாயார். நீயே திற என்று மன்றாடுகிறாள் மகள். தாயார் விடவில்லை. லாரா திறக்கிறாள், பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார முடியாமல் சோபாவில் போய் விழுகிறாள். அடுப்படி உஷ்ணம் தாங்கவில்லை என்று விருந்தாளியிடம் பொய் சொல்லுகிறாள் அமாண்டா. பயந்த காரியத்தைச் செய்து பார்த்துத்தான் பயம் தெளியவேண்டும் என்பது இன்றைய வைத்தியத்திலும் உண்டு. ஆனால் அது படிப்படியாக, பயப்படுகிறவரின் சம்மதத்தோடு நடக்கிற காரியம். மருந்தைவிட இம்மாதிரிப் பயிற்சியைத்தான் சிறுவர்களுக்கு முதலில் தரவேண்டும் என்று பிரிட்டனில் 2013ல் வகுத்த வழிமுறை சொல்லுகிறது. அமாண்டா மகளை முதல் படியில் ஏற்றவில்லை, மச்சிலிருந்து தள்ளினாள்.

முதல் படியில் ஏற்றுகிறவன் ஜிம். இதில்தான் வில்லியம்ஸின் மேதை தெரிகிறது. ஜிம் பெரிய மனோதத்துவ நிபுணன் அல்ல. இரவுப் பள்ளியில் மேடைப் பேச்சு படிக்கிறவன். தாழ்வு மனப்பான்மை என்று அளக்கிறவன். அந்த உபதேசத்தால் ஒன்றும் நடக்கவில்லை. மின்சாரம் அணைந்த வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் தரையில் உட்காருகிறான், அவளும் உட்காருகிறாள். வகுப்பில் தன் கால் இடிமாதிரிச் சத்தம் போட்டதே என்கிறாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லையே என்கிறான். ஆறு வருஷத்துப் பாரத்தில் பாதி அந்த இடத்தில் இறங்குகிறது. தான் எப்படித் தெரிகிறோம் என்று நினைத்திருந்ததையும் உண்மையில் பிறர் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்வது, 1995ல் கிளார்க், வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் வகுத்த முறையில் ஒரு முக்கியமான அம்சம். ஆனால் அந்தப் பதில் பலித்ததற்குக் காரணம், முதலில் அவள் சொல்லும்படி விட்டு அவன் கேட்டான் என்பதுதான். கண்ணுக்கே தெரியாது என்று தாயார் சொன்னதும் ஏறக்குறைய இதே பதில்தான். கேட்காமல் சொன்ன பதில், பலிக்கவில்லை.

ஜிம்முக்கு வேறு பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது, அவன் போய்விடுகிறான். 1950ல் ஹாலிவுட்டில் படம் எடுத்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. லாராவைத் தெளியவைத்து, முடிவில் இன்னொரு வாலிபனை வரவழைத்தார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தாயாரின் கனவையே படமாக எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில், வில்லியம்ஸின் அக்காள் ரோஸுக்கு 1943ல் மூளையில் சஸ்திர சிகிச்சை நடந்ததை வைத்து, லாராவையும் மீளாத நோயாளி என்று படிக்கிறவர்கள் உண்டு. ரோஸுக்கு வைத்தியர்கள் கண்ட வியாதி வேறு. மேடையில் நாம் பார்க்கிற லாரா, கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தால் அரைமணி நேரத்தில் சிரித்து நடனமாடுகிற பெண். தன்னால் சரியாகிவிடும் என்பதும், ஒருக்காலும் சரியாகாது என்பதும் இரண்டும் ஒரே சோம்பல்தான். இரண்டிலும் நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

கடைசியில் டாம் ஊரைவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வீட்டுக்குள் அமாண்டா மகளைத் தேற்றுவது ஊமைக் காட்சியாகத் தெரிகிறது. அவள் பேச்சு நமக்குக் கேட்காதபோதுதான் அவளுடைய அசட்டுத்தனம் மறைந்து, ஒரு கம்பீரம் வந்து சேருகிறது என்று நாடகாசிரியரே குறிப்பு எழுதியிருக்கிறார். நாடகம் முழுவதும் ஓயாமல் பேசின தாயார் அவள். அந்த மௌனத்தில் லாரா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துப் புன்னகை செய்கிறாள்.