அடித்தகட்டைத் தட்டிப் பார்க்கும் கை

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஓடும் மீன் வண்டிகளின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். மேலே பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி ஒழுகிக்கொண்டே இருக்கும், கீழே கடற்காற்று. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் போதும், தகட்டில் படிந்த உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழையே இல்லாத மாசியிலும் விடிகாலையில் சேசிஸ் கசகசவென்று கிடப்பது அதனால்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் இடம் பிடித்ததும் காரணமில்லாமல் இல்லை. இந்த வண்டிகளைக் காப்பாற்றத் தெரிந்த டிங்கரின் வேலையை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

தேர்ந்தவர் முதலில் கையில் எடுப்பது சின்னச் சுத்தியல். பிட்டில் இறங்கி நின்று தட்டிக்கொண்டே போவார். உயிருள்ள தகடு கணீரென்று பேசும். உள்ளே தின்று முடிந்தது மொத்தென்று விழும். எல்லா இடத்தையும் அவர் தட்டுவதில்லை. வீல் ஆர்ச்சின் மடிப்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு, சேறு அடைத்துக்கொண்ட வடிகால் ஓட்டை, இரண்டு தகடுகளை ஒட்டவைத்த வெல்டிங் விளிம்பு என்று நேராக அங்கேதான் போவார். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். விளிம்புக்குள் புகுந்தால் தகடுகளை நெம்பிப் பிளந்துவிடும். அந்த மெல்லிய வீக்கத்தை விரல் தடவிக் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்தது சுரண்டல். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அவசரக்காரர் கிரைண்டரில் கம்பி பிரஷை மாட்டி அழுத்துவார். துரு போகாமல் மெருகேறிப் பளபளக்கும், பார்ப்பவர் ஏமாறுவார். பக்குவமான கை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, உளியால் செதிலைப் பெயர்த்து, பிறகே பிரஷையும் உப்புத்தாளையும் தொடும். ஊசிமுனைப் பள்ளத்தில் ஒளிந்திருக்கும் கறுப்புப் புள்ளிக்காகக் கோணத்தை மாற்றி மாற்றித் தேய்க்கும். பள்ளத்தில் தங்கிய உப்பு பூச்சுக்கு அடியிலும் வேலை செய்யும் என்பது அந்தக் கைக்குத் தெரியும்.

எவ்வளவு சுரண்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். அங்கே டானிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவுகிறார்கள். செம்பழுப்பு மெல்லக் கருத்து நீலக்கறுப்பாகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு பிறப்பதும் இப்படித்தான்: கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும் அதே வேதியியல். அந்த நிற மாற்றத்தை நின்று பார்க்காதவர் இந்த வேலையின் அழகில் பாதியை இழந்தவர்.

வெள்ளைத் தகடாகவே சுரண்டி எடுத்த இடத்துக்குத் துத்தநாக பிரைமர். இரும்புக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காக்கும் குணம் துத்தநாகத்துக்கு உண்டு. 1975-ல் போர்ஷே தன் 911-க்குத் துத்தநாகம் தோய்த்த தகட்டை எடுத்துக்கொண்டதும் இதை நம்பித்தான். ஆனால் துத்தநாகம் இரும்பை நேராகத் தொட வேண்டும். டானிக் திரவம் பூசிய இடத்தின் மேல் அதை அடிப்பது வீண். எங்கே எது என்று பிரிப்பதில்தான் ஒருவரின் தேர்ச்சி தெரியும்.

கடைசியாக வரும் கறுப்புப் பூச்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தார் வகைப் பூச்சு கல்லடியைத் தாங்கும். வெடித்துவிட்டால் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைக்கும். பெட்டித்தகடுகளின் உட்புறத்துக்கு மெழுகுதான் என் தேர்வு: நுண்ணிய சந்துக்குள்ளும் அது ஊர்ந்து போகும். லாரிகளுக்குப் பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், மண்ணும் கெடும். வேலை முடிந்த வண்டியில் வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். அவை திறந்திருந்து, சைலன்சரிலும் பிரேக்கிலும் ஒரு துளிகூடத் தெறிக்காமல் இருந்தால் நல்ல கை பட்டிருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன் வண்டியைப் பட்டறையில் விடுங்கள். சுரண்டி முடித்ததும் கூப்பிடச் சொல்லி, போய்ப் பாருங்கள். அந்தச் சுரண்டலுக்கு அவர் கேட்கும் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.